கதவு விளிம்பில் ஒரு விநாடி

அந்தக் கறுப்பு பானெட்டின் ஒரு முனை அவள் கையில் இருந்தது... மறுமுனை அவன் கையில்.

பழைய கார்களை உடைத்து, கதவு தனியாக, கண்ணாடி தனியாக, எஞ்சினை மூடும் பானெட் தனியாக விற்கிற கடை அது. தகரக் கொட்டகைக்குள் இருவரும் எதிரெதிர் வாசல் வழியாக வந்து, ஒரே பானெட்டை ஒரே நேரத்தில் குனிந்து தூக்கியிருந்தார்கள். வெளியே மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது.

"நான்தாங்க முதல்ல பாத்தேன்," என்றாள்.

"நான்தாங்க முதல்ல தூக்கினேன்," என்றான்.

ஆளுக்குப் பாதியாக அறுத்துத் தரட்டுமா என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் தன் டீ ஆறுவதற்குள் குடித்துவிடப் போய்விட்டார்.

அவன் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நகக்கண்களில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. முன்பக்கம் நசுங்கிய ஒரு காருக்கு இதே மாடல் பானெட் வேண்டும் என்றான். நியாயமான காரணம்தான். உங்களுக்கு எதற்கு என்று கேட்டான்.

"கெடுக்கறதுக்கு."

அவன் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, காரின் நெளிவைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அந்தச் சாய்ந்த பார்வை அவளுக்கு எரிச்சலாக இருந்தது... எரிச்சல் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அண்ணனின் கார் பாலிஷ் கடையில் அவள் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் கீறலைத்தான் பார்ப்பாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நான்கு வருடமும் அவள் கையில் இருந்தது அதிர்ந்து சுற்றும் மெஷின். அதன் முனையில் இருக்கும் மெத்தென்ற பேட் சுற்றவும் செய்யும், ஆடவும் செய்யும். ஓரிடத்தில் சூடு தங்காது. அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் தானாகவே சுற்றுவதை நிறுத்திவிடும். தப்புப் பண்ணுவதற்கே கொஞ்சம் முயற்சி வேண்டும்.

ரோட்டரி என்கிற இன்னொரு பாலிஷ் மெஷின் அப்படி இல்லை. அதற்கு ஒரே அச்சு, ஒரே சுற்று. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. அதிர்கிற மெஷின் அரை நாளில் எடுக்கமுடியாத ஆழக் கீறலை, தெரிந்த கையில் இருக்கும் ரோட்டரி அரை மணியில் எடுத்துவிடும். தெரியாத கையில் இருந்தால் கீறலோடு பெயிண்டையும் எடுத்துவிடும்.

காரின் நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல ஒரு க்ளியர் கோட் இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கீறல் விழுவது பெரும்பாலும் அதில்தான். பாலிஷ் என்றால் கீறலை எதையாவது வைத்து அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள க்ளியரை ஒரே சமமாக இழைத்துக் கீழே கொண்டுவருவதுதான் பாலிஷ். ஆகவே எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி.

ரோட்டரி இதுவரை அண்ணனுடையதாக இருந்தது. அவருக்கு முதுகுத் தண்டில் வலி வந்துவிட்டது. அந்த எடையை இனித் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் டீச்சர் ஒருவரின் கறுப்புக் கார் வருகிறது, பத்து வருடம் காய்ந்த துணியால் துடைக்கப்பட்ட கார். அதை அவள் ரோட்டரியில் முடித்தால் ரோட்டரி அவளுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு ஆளைப் போட்டுவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அப்படிப் போட்டால் அந்த ஆள் போகமாட்டான். அவள் காலம் முழுக்க அதிர்கிற மெஷினோடுதான்.

இத்தனையையும் பானெட்டின் முனையை விடாமலே சொல்லி முடித்தாள்.

"நல்ல பானெட்டைக் கெடுக்க விடமாட்டேன். என் பட்டறையில மூணு நெளிஞ்ச பானெட் கெடக்கு. பெயிண்ட் அடிச்சுத் தரேன், அதைக் கெடுங்க," என்றான்.

"எனக்கு யாரோட இரக்கமும் வேண்டாம்."

"இரக்கமா? எனக்கு இந்த பானெட் வேணுங்க. நீங்க கையை எடுத்தாத்தானே கெடைக்கும்?"

அவள் கையை எடுத்தாள்.

மறுவாரம் முதல் பானெட் அண்ணன் கடைக்கு வந்தது. கறுப்புக்கு அடியில் ஒரு கோட் சிவப்பு அடித்திருந்தான். பேடில் கறுப்பு ஒட்டினால் க்ளியர் போய்விட்டது, சிவப்பு தெரிந்தால் கறுப்பும் போய்விட்டது, தப்பை எங்கே என்று தேடவே வேண்டாம் என்று விளக்கினான். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு இடத்தில் சிவப்பு. பானெட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றான். அவள் மூன்று மணி நேரம் அவனோடு பேசவில்லை.

ஆனால் அந்தப் பதினோரு இடமும் அவளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லின. ஒன்பது, விளிம்புகளில் இருந்தன. அடிக்கும்போது பெயிண்ட் திரவம். விளிம்பில் தங்காமல் இரண்டு பக்கமும் வழிந்து இறங்கிவிடும். அதனால் விளிம்பில் எப்போதும் மெலிசு. அங்கே பேட் விளிம்பிலிருந்து வெளியே ஓட வேண்டும், வெளியிலிருந்து விளிம்பின்மேல் ஏறக்கூடாது. வேகம் குறைய வேண்டும். கை நிற்கவே கூடாது.

அவன் தினமும் மதியம் வந்தான். வேலை இருந்து வந்தானா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாசலில் நின்று வெளிச்சம் பானெட்டில் விழுகிற கோணத்தைப் பார்ப்பான். சில நேரம் அந்தக் கோணம் பானெட்டைத் தாண்டி அவள் முகம் வரைக்கும் வந்துவிடும். அவன் கண்கள் மழைக்கு முந்தைய வானம்போல... கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. கலர் கலப்பவனிடமே அது என்ன கலர் என்று கேட்கத் தோன்றும். கேட்கமாட்டாள்.

இரண்டாவது பானெட்டில் சிவப்பு நான்கு இடம். மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை டீச்சரின் கார் வந்தது. விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். பானெட், கூரை, இடப்பக்கக் கதவுகள் எல்லாம் முடிந்தன. அண்ணன் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், குறை எதுவும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததுதான் பாராட்டு.

கடைசியாக டிரைவர் கதவு. டேப்பை எடுத்துவிட்டு, அது மறைத்திருந்த மெல்லிய பட்டையை மட்டும் குறைந்த வேகத்தில் முடிக்க வேண்டும். அப்போது மழை வலுத்தது. வாசலில் யாரோ தலையிலிருந்து தண்ணீரை உதறுகிற சத்தம். நிமிர்ந்தாள். நனைந்த முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அவன் பார்த்தான்... அவளும் பார்த்தாள்.

குனிந்தபோது கதவு விளிம்பில் அரை நகம் அளவுக்குச் சாம்பல் நிறம். பெயிண்டுக்கு அடியில் இருக்கிற ப்ரைமர்.

மெஷினை நிறுத்தினாள்.

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. வேகம் கூடிவிட்டதா என்றார். இல்லை. பேட் காய்ந்துவிட்டதா? இல்லை. அப்புறம் எப்படி?

"அண்ணே," என்றான் பெயிண்டர். "இந்தக் கதவை போன வருஷம் நான்தான் அடிச்சேன். அவசரத்துல க்ளியர் கம்மியா விட்டுட்டேன். யார் கை வச்சாலும் போயிருக்கும்."

அண்ணன் முகம் தளர்ந்தது. அவள் தலையை ஆட்டினால் போதும், ரோட்டரி அவளுக்கு.

அவள் பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்துவந்தாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரும்பின்மேல் வைத்தால் நடுவில் எத்தனை மைக்ரான் பெயிண்ட் இருக்கிறது என்று காட்டும். இடப்பக்கக் கதவில் வைத்தாள், நூற்றுப்பதினைந்து. பின்கதவில், நூற்றுப்பதினெட்டு. இந்தக் கதவின் நடுவில் வைத்தாள்.

"நூத்திப்பதினாறு. திரும்ப அடிச்ச கதவுன்னா எரநூறுக்குக் கிட்ட காட்டணும். இது கம்பெனியில அடிச்சது, வேற யாரும் தொடலை. தப்பு என்னோடதுதான் அண்ணா."

பெயிண்டர் தரையைப் பார்த்தான். அண்ணன் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, டீச்சரிடம் உள்ளதைச் சொல்லக் கைபேசியோடு உள்ளே போனார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் கேட்டேனா? பொய்யில வாங்கின மெஷினை எந்த மூஞ்சியோட தூக்குவேன்? அடுத்த கார்ல போச்சுன்னா அதுக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேன்னு வந்து நிப்பீங்களா?"

அவன் யோசித்தான். "நிப்பேன்," என்றான்.

அவள் பேடைக் கழற்றி, சுத்தமாக இருந்ததையே திரும்பச் சுத்தம் செய்தாள்.

அண்ணன் வந்தார். டீச்சர் ஒத்துக்கொண்டுவிட்டார். விளிம்பைப் பெயிண்டர் நாளை சரிசெய்ய வேண்டும், கார் திங்கட்கிழமை போகும். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தப்பு எனக்கும் வந்திருக்கு. அது பிரச்சனையில்ல. காரணம் தெரியாத தப்புதான் பிரச்சனை, திரும்ப வரும். கை ஏன் நின்னுச்சுன்னு சொல்லு. சொன்னா மெஷின் உனக்கு. தெரியலைன்னா வேற ஆள்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. காரணம் அவளுக்குத் தெரியும். வேகம்போல, கோணம்போல, அவ்வளவு திட்டமாகத் தெரியும். எந்த மெஷினும் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் விடிய விடியச் சொல்லக்கூடியவளுக்கு இந்த ஒரு வரிதான் வரமாட்டேன் என்றது.

"நிமிந்து பாத்தேன்," என்றாள்.

"எதை?"

"...இவரை."

அண்ணன் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தார். "எவ்வளவு நேரம்?"

"ஒரு விநாடி."

"அது கதவுக்கு. இந்த மூணு வாரத்துல?"

"மெஷின் நின்னிருக்கும்போதெல்லாம்..."

அண்ணன் கூரையைப் பார்த்தார். முதுகு வலிக்கும்போது அப்படிப் பார்ப்பார். இப்போது எதற்குப் பார்த்தார் என்று சொல்வது கஷ்டம். கடைசியில் ரோட்டரியைக் கையால் காட்டி, மிச்சப் பட்டையை முடி என்றார் அவளிடம். பிறகு பெயிண்டரிடம் திரும்பினார்.

"நீ வெளியில நில்லு தம்பி. இந்தப் பக்கம் பாக்காத. பேசணும்னா அவ மெஷினை நிறுத்தினப்புறம் பேசு."

அவன் வாசல் தகரத்தின் கீழ், கடைக்கு முதுகைக் காட்டி நின்றான். அரைவாசி உடம்பு நனைந்தது. அவள் குனிந்தாள். பேட் விளிம்பிலிருந்து வெளியே ஓடியது, கை நிற்காமல் நகர்ந்தது. இருபது நிமிடம் அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை. அண்ணன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். குறை எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மெஷினை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நின்னுடுச்சு," என்றாள்.

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி... துடைக்கவில்லை.

"இந்த மாசம் ரெண்டு தடவை கலர் தப்பாக் கலந்துட்டேன். பத்து வருஷத்துல நடக்காதது. பட்டறையில காரணம் கேட்டாங்க. கண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

"அதுவும் பொய்யா?"

"பொய்தான்."

"அப்போ உள்ளதைச் சொல்லுங்க," என்றாள். "காரணம் தெரியலைன்னா திரும்ப வரும்."

"உங்களை நினைச்சுட்டிருந்தேன். ரெண்டு தடவையும்." அவன் குரல் மழைச் சத்தத்துக்குக் கீழே இருந்தாலும் தெளிவாகக் கேட்டது. "காரணம் தெரிஞ்சுடுச்சு... ஆனா திரும்பவும் வரும்னுதான் தோணுது."