மூடுபனியில் ஒரு குரல்

“பதில் சொல்லாதே வெர்னா! வாயைத் திறக்காதே!” என்று சைரஸ் மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

மூடுபனிக்குள்ளிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. “வெர்னா... இங்கே வா...”

பெல் சாரின் குரலேதான். எங்கள் அலாஸ்காக் கரையை அளந்து வரைபடம் போட வந்தவர் அவர். “நீங்க வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள பனியாறு நகர்ந்துடும் சார்” என்று நான் தினமும் கிண்டல் செய்வேன். இன்று காலை கடல் உள்வாங்கியதும், நீண்ட அளவுகோலோடு மணல்திட்டில் இறங்கிப் பனியாற்றை நோக்கி நடந்தார். நானும் மாமாவும் படகில் காத்திருந்தோம்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. மலையும் காடும் மறைந்துபோயின. இப்போது கடல் ஏறத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மணல்திட்டு மூழ்கிவிடும்.

“மாமா, அவர் மூழ்கிடுவார்!”

“அது அவர்தான்னு யார் சொன்னா? காட்டுல திரியிற பேய் அது, நீர்நாய் மனுஷன். தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்பிடுவான். பதில் சொன்னவங்க யாரும் திரும்பி வந்ததில்ல.”

கரடியையே “வழி விடுங்க ஐயா” என்று கேட்டுவிட்டு நடக்கிறவர் என் மாமா. அவரே இப்போது படகுக்குள் குனிந்து பதுங்கிக்கொண்டார்.

குரல் இடப்பக்கம் கேட்டது. உடனே வலப்பக்கமும் கேட்டது. அழுகை வந்தது. ஆனாலும் யோசித்தேன்.

“மாமா, நீர்நாய் மனுஷனுக்கு இரும்புச் சத்தம் ஆகாதுதானே?”

“ஆகவே ஆகாது.”

“அப்போ சட்டியைத் தட்டுவோம். அவனா இருந்தா ஓடிடுவான். பெல் சாரா இருந்தா சத்தத்தைக் கேட்டு வந்துடுவார். நாம வாயே திறக்க வேண்டாம்!”

மாமா என்னை முறைத்தார். பிறகு மீன் வறுக்கும் இரும்புச் சட்டியை எடுத்து நீட்டினார். “அப்படியே உங்கம்மா புத்தி. தட்டு!”

டங்! டங்! டங்!

குரல் சட்டென்று நின்றது. கை வலித்தது. நான் விடவில்லை.

சளக்... சளக்... இடுப்பளவு தண்ணீரில், அளவுகோலை ஊன்றிக்கொண்டு பெல் சார் வந்தார்! மாமா அவரைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப்போட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

“நல்லவேளை, சட்டியைத் தட்டினே” என்றார் பெல் சார். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. “நீ கூப்பிட்ட குரலை நம்பி, நான் காட்டுப் பக்கமால்ல போய்ட்டிருந்தேன்!”

“நான் கூப்பிடவே இல்லையே! நீங்கதானே சார் என்னைக் கூப்பிட்டீங்க?”

“நானா? நான் வாயே திறக்கலையே!”

மாமா அவசரமாகப் படகைக் கிளப்பினார்.

பெல் சார் என் கையிலிருந்த சட்டியை மெல்ல வாங்கிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அவரேதான் தட்டிக்கொண்டு வந்தார்.