விசைப்பலகை முன்னால் இரண்டு நாற்காலி

1996. காலை 9.15. காந்திபுரத்து மாடி ஆபீசில் கம்ப்யூட்டரைப் போட்ட மோகனப்பிரியா ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதிய சண்டை விளையாட்டைக் காணோம். முந்தின சாயங்காலம் கடைசியாக அதைத் தொட்டவள், புதிதாக வேலைக்கு வந்த அருள்செல்வி.

முதலாளி நஞ்சுண்டன் பக்கத்திலேயே நிற்க, விசாரணை தொடங்கியது.

“என்ன பண்ணினே அருளு?”

“ஆடிப்போட்டு மூடினேனுங்க அக்கா. ‘எல்லாத்தையும் அழிக்கட்டுமா’ன்னு கேட்டுது. நான் கையே வெக்கலீங்க. அதுவா அழிச்சுப்போட்டுது.”

“தனியாவா ஆடினே?”

அருள்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியிடங்களில் ஆடிக் காட்டிவிட்டு வரும்போது பிரதி அங்கே தங்கிக் கண்டவன் காப்பியடிக்காமலிருக்க அந்தக் கேள்வியை வைத்தவளே மோகனப்பிரியாதான். ‘ஒய்’ அழுத்தி ‘எண்டர்’ தட்டினால்தான் அழிக்கும், வேறெதற்கும் அசையாது. ஃபிளாப்பியிலிருந்த அரைகுறைப் பிரதியை ஏற்றி, வழக்கம்போல் வலப்பக்க வீரனாக ஆடி மூடினாள். கேள்வி பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

“பொய் சொல்றாளுங்க சார்.”

“அப்ப ஊட்டுக்கு அனுப்பிச்சிருங்க,” என்றார் நஞ்சுண்டன், சுவரைப் பார்த்துக்கொண்டு. அருள்செல்வி அழுதபடி படியிறங்கினாள்.

10.00. விசைப்பலகை முன்னால் இரண்டு நாற்காலி கிடப்பது அப்போதுதான் மோகனப்பிரியாவுக்கு உறைத்தது. ஒன்று முதலாளியின் சுழல் நாற்காலி.

“ஏனுங்க சார், நேத்து நீங்களும் ஆடினீங்களா?”

நஞ்சுண்டன் நெளிந்தார். “கொஞ்ச நேரமுங்க அம்மணி, இடப்பக்கம். வெளிய சொல்லாதேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

இடப்பக்க வீரன் குதிக்க ‘ஒய்’. வலப்பக்க வீரன் சுட ‘எண்டர்’. அவரை உட்கார வைத்து ஆடினாள், மூடினாள். கேள்வி வந்தது, யாரும் தொடுமுன் திரை காலி.

விசைகளைப் படிக்க அவள் எழுதிய லைப்ரரி, அதாவது துணை நிரல், ஒவ்வொரு தட்டலையும் நேராகப் படித்துக்கொண்டது. கம்ப்யூட்டரோ அதே தட்டல்களைத் தன் பங்குக்கு ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்தது. மூடும்போது அதைக் கொட்டிவிட வேண்டும், அவள் கொட்டவில்லை. மிச்சமிருந்த ஒய்யும் எண்டரும் கேள்விக்குப் பதிலாகப் போய் விழுந்துவிட்டன. தனியாகவே ஆடிப் பழகியவளுக்கு இது ஒருநாளும் அகப்படவில்லை. குற்றம் குறுகுறுக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

ஊருக்குப் புறப்பட நின்ற காங்கேயம் பஸ் ஜன்னலில் அருள்செல்வி.

“யாருங்க அக்கா அழிச்சது?”

“நாந்தான் அருளு. என்ர தப்பு. பாவம் பண்ணிப்போட்டேன், எறங்கி வா கண்ணு.”

“சாரை வெச்சுக்கிட்டுக் கேட்டீங்க, நான் எப்படி அவரு பேரைச் சொல்றதுங்க? தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்க.”

அருள்செல்வி இறங்கினாள். அவள் பையை வாங்கிக்கொள்ளக்கூட மோகனப்பிரியாவுக்குக் கை கூசியது.