இறந்தவரின் சம்மதம்

"டெய்லரண்ணா...!"

நர்ஸின் அலறல் பாதி இறங்கிய ஷட்டரைத் தாண்டித் தெருவில் விழுந்தது.

தையல் மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்தார் கிழவர். கழுத்தில் இஞ்ச் டேப் இறுகியிருந்தது!

சண்டை போடத்தான் வந்திருந்தாள். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இவரோட என்னம்மா தகராறு?"

"நோயாளிங்க தங்களோட நோய் விவரத்தைப் பகிர்ந்துக்கற ஆப் ஒண்ணு இருக்கு சார். அந்த விவரத்தை வெளியில விக்கணும்னா கம்பெனி தனியா முடிவெடுக்க முடியாது. அவங்க ஆளுங்க ரெண்டு பேர், உபயோகிக்கிறவங்க சார்புல நாங்க மூணு பேர்... ஓட்டுப் போடணும். நான், இந்த டீச்சர், டெய்லரண்ணா. போராடி வாங்கின உரிமை சார்..."

டீச்சர் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அந்தப் போராட்டத்தை ஆரம்பித்து வைத்தவளே டீச்சர்தான்.

"மத்தியானம் போன்லயே ஓட்டெடுப்பு. நாங்க ரெண்டு பேரும் வேண்டாம்னோம். இவர் 'சம்மதம்'னு போட்டுட்டார்! மூணுக்கு ரெண்டு, தோத்துட்டோம். ஏண்ணா இப்படித் துரோகம் பண்ணினீங்கன்னு கேக்க வந்தோம்..."

பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் நிமிர்ந்தார்.

"மத்தியானமா? சான்ஸே இல்ல. ஆள் காலையிலேயே போயாச்சு!"

நர்ஸ் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

செத்தவர் ஓட்டுப் போட்டாரா...?

"இவர் போன் எங்கே?" இன்ஸ்பெக்டர் துணிக் குவியலைத் துழாவினார். காணோம். "கொன்ன ஆள் இவர் விரலை வச்சே அதைத் திறந்து, எடுத்துட்டுப் போயிருக்கணும்..."

நர்ஸ் தன் போனில் டெய்லரின் எண்ணை அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்...!

டீச்சரின் கைப்பைக்குள்ளிருந்து!

தோளிலிருந்த கை சட்டென்று நழுவியது. டீச்சர் வாசலைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

"இதைத் திரும்ப வைக்கத்தான் என்கூட வந்தீங்களா?" நர்ஸ் விலகி நின்றாள். "உங்க ஓட்டையே 'சம்மதம்'னு போட்டிருக்கலாமே டீச்சர்...!"

"போட்டா ஜனங்க மூஞ்சியில காறித் துப்புவாங்களே! எனக்கு அவங்க நம்பிக்கையும் வேணும்..."

"உங்களை நம்பித்தானே என் வார்டு நோயாளிங்க எல்லாரையும் அதுல சேரச் சொன்னேன்! அண்ணனைப் போய்த் துரோகின்னு சொல்ல வச்சுட்டீங்களே..."

"எத்தனை வருஷம்தான் வெளியில நின்னு கத்தறது?" டீச்சர் முணுமுணுத்தாள். "கம்பெனிக்காரங்க உள்ளே இடம் தர்றேன்னாங்க..."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்தவர் ஓட்டு செல்லாது சார். கம்பெனிக்கு முதல்ல அதைச் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டியபடியே விலங்கை எடுத்தார்.

"உள்ளே இடம்தானே வேணும்? எங்ககிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்... எங்க கம்பெனியில ஓட்டெடுப்பே கிடையாது!"