சாவா மூவாப் பேராடு

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பேருந்து, உத்திரமேரூரைக் கடந்து, ஏரிக்கரை வளைவில் அவ்விரு இளைஞர்களையும் இறக்கிவிட்டுச் சென்றபோது வெயில் தணிந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டின் மாசித் திங்கள் அது. தாமோதரனும் தானியேலும் வரலாற்றில் முதுகலை முடித்து, ஓர் அறையில் தங்கி ஆய்வு செய்துவந்தவர்கள். ஆய்வு என்பது நூலகத்துப் புழுதியில் கிடத்தல் ஆகாது. கல்வெட்டு எந்த ஊரில் உள்ளதோ, அந்த ஊராருக்கே அதை விளக்கிச் சொல்லுதல் வேண்டும் என்பது தாமோதரனின் கொள்கை. ஆதலின் விடுமுறை தோறும் ஓர் ஊருக்குச் சென்று பேசிவந்தனர். கேட்க வந்தோர் பாதியில் எழுந்து போவதும் தவறாமல் நிகழ்ந்துவந்தது.

மணற்புத்தூரில் அவ்வாறு நேராதிருக்க அவன் ஒரு வழி கண்டிருந்தான். படித்துக் காட்டுவதற்குப் பதிலாக நடித்துக் காட்டுவது.

ஊருக்குப் புறத்தே இடிந்த சிவன் கோயில் ஒன்று நின்றது. கருவறையில் விளக்கேற்றுவார் இல்லை. வௌவால் எச்சத்தின் நெடி மட்டும் வாயிலைக் காத்தது. அதன் அடித்தளக் கல்லில் இருந்த எழுத்தின் செய்தி எளியது. அணையா விளக்கு ஒன்றுக்காகத் தொண்ணூறு ஆடுகள் ஓர் இடையனிடம் ஒப்படைக்கப்பட்டன; அவன் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை. இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்புவதால் மந்தை குறைவதேயில்லை. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர் என்று தாமோதரன் விளக்கினான்.

களை எடுத்துவிட்டு வந்து அமர்ந்திருந்த முனியம்மாள் உடனே கேட்டாள்.

"இன்னா சார், சாவாத ஆடா? எங்க வூட்டு ஆடு ஆடி மாசம் தாண்டறதில்ல. அதுல ஒரு குட்டி வாங்கியாந்து குடேன்."

கூட்டம் சிரித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. தாமோதரனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

நிலக்கிழார் பஞ்சாட்சரம் கொடையாளியாக நிற்க இசைந்தார். இடையனாகத் தானியேல் நின்றான். மாகறலில் கூலிவேலை செய்த குடும்பத்தில், எவர் முன்னும் கைகட்டிச் 'சரிங்க' என்று சொல்லாமல் வளர்ந்த முதல் ஆள் அவன். நடிப்புத்தானே என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகளை ஏந்தினான்.

"கைக்கொண்டாயோ?" என்றார் பஞ்சாட்சரம்.

"கைக்கொண்டேன்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கிய பின்னும் சருகுகளின் மீது ஏதோ நடக்கும் ஒலி அடங்கவில்லை. மழையில் நனைந்த மயிரின் வாடை பரவிற்று. மழை பெய்து மூன்று திங்கள் ஆகியிருந்தது.

தானியேலின் கண்கள் மட்டும் இடமிருந்து வலமாக, மெல்ல, நகர்ந்துகொண்டிருந்தன.

எதையோ எண்ணுவது போல.

காஞ்சிபுரத்து அறைக்குத் திரும்பிய பிறகு அவன் விடியுமுன் வெளியேறத் தொடங்கினான். தாமோதரன் தேடிச் சென்ற போதெல்லாம், நகர்ப்புறத்தே வற்றிக் கிடந்த ஏரியின் நடுவே கோலூன்றி நின்றிருந்தான். எதிரே புல்லைத் தவிர யாதும் இல்லை. ஆயினும் அப்புல் ஓரிடத்தில் தாழ்ந்து, அடுத்த இடத்தில் தாழ்ந்து, ஒட்டக் குறைந்துகொண்டே வந்தது. எத்தனை முறை கழுவினும் அவன் கைகளில் நெய்ப்பிசுக்கு நீங்கவில்லை. இரத்தம் போதவில்லை என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பங்குத் தந்தை தலைமேல் கைவைத்துச் செபித்தார்.

"அவரு ஜெபம் முடிக்கிற வரைக்கும் எல்லாம் வாசல்ல படுத்து அசைபோட்டுக்கினு இருந்துச்சி, தாமு" என்றான் தானியேல்.

அவன் சினந்துகூடப் பேசவில்லை. அதுவே தாமோதரனுக்குத் தாங்கவொண்ணாததாயிற்று.

"ஒண்ணு செத்தா போதும். ஒண்ணு கொறஞ்சா நான் வெளிய வந்துடுவேன்னு தோணுது. கழுத்த அறுத்துக்கூடப் பாத்தேன்டா."

"அறுத்து?"

"எழுந்து மேயுது."

விடுவிக்க வேண்டியவர் யார் என்று தாமோதரன் ஆராய்ந்தான். கொடுத்தவன் மாண்டு ஆயிரம் ஆண்டுகள் கடந்தன. அக்கொடையை அன்று ஏற்ற ஊர்ச்சபையும் இன்றில்லை. எஞ்சியிருப்போர் மணற்புத்தூரார் மட்டுமே. ஆகவே எலும்புருவான நண்பனைத் தாங்கிக்கொண்டு மீண்டும் அவ்வூருக்குச் சென்று, அதே கோயிலின் முன் அவர்களைக் கூட்டினான். சபையாக அமர்ந்து, இவனை விட்டோம் என்று ஒரு சொல் சொல்லுங்கள் எனக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கருவறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யார் ஏற்றினார் என்று ஊரார் அறியார், அறியவும் முற்படவில்லை. அந்த ஒளி வந்த நாள் முதல் கிணறுகளில் நீர் ஊறுவதாக மகிழ்ந்து சொன்னார்கள்.

"எரியற வெளக்க எதுக்கு சார் அணைக்கச் சொல்ற?" என்றார் பஞ்சாட்சரம், தரையைப் பார்த்தபடி. "அவனா ஒத்துக்கினதுதானே?"

முனியம்மாள்தான் வாய் திறந்தாள்.

"யோவ், அந்தப் புள்ள மூஞ்சப் பாரு. பெத்தவ பாத்தா தாங்குவாளா? உட்டோம்னு சொல்லித் தொலைங்களேன்."

ஒருவர் சொன்னார். இன்னொருவர் சொன்னார். பின்னர் அனைவரும் சொன்னார்கள். பஞ்சாட்சரம் இறுதியாகச் சொன்னார்.

தானியேல் தலை நிமிரவில்லை. "அணைஞ்சிடுச்சா?" என்று காதோடு கேட்டான்.

தாமோதரன் கருவறையை நோக்கினான். காற்றில்லாத அவ்விடத்தில் சுடர் அசையாது நின்றது. முன்னினும் சற்று உயர்ந்திருந்தது.

"அணைஞ்சிடுச்சிடா" என்றான்.

திரும்பும் பேருந்தில் தானியேல் அவன் தோளில் சாய்ந்து, பல நாள்களுக்குப் பிறகு உறங்கினான். அவ்வுறக்கத்தைக் காணக் காணத் தாமோதரனுக்குத் தன் பொய்யே மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது. வயல்களின் மேல் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது.

நடத்துநர் மூக்கைச் சுளித்தபடி இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருப்பா ஆட்ட ஏத்தனது? பேஜாராப் போச்சு, நிக்க எடமில்ல."

பேருந்தில் பதின்மருக்கு மேல் இல்லை.

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்தனர். பின் வரிசையில் ஒரு பெண் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள்.

தானியேல் கண் விழித்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாமோதரனின் கையைத் தன் தோளிலிருந்து மெல்ல எடுத்து வைத்தான்.

"நான் இங்கயே எறங்கிக்கிறேன், தாமு. இதுக்கு மேல போனா மேய்ச்சல் இல்ல."

தாமோதரன் அவன் சட்டையைப் பற்றினான். நெய்யில் தோய்ந்த துணி விரல்களினூடே நழுவிப் போயிற்று. வண்டி நின்றது. தானியேல் இறங்கி, வரப்பின் மேல், திரும்பிப் பாராமல் நடந்தான்.

ஓட்டுநர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "ரைட்டா?"

நடத்துநர் ஊதலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. கம்பியோடு முதுகை ஒட்டி, கால்களை ஒடுக்கி, வழிவிட்டு நின்றிருந்தார். அவர் முழங்காலருகே காக்கித் துணி அசைந்தது. மீண்டும் அசைந்தது. படியின் தகரம் ஒவ்வொரு முறையும் சிறிதாக அமுங்கி எழுந்தது.

"இருண்ணே" என்றார், குரல் எழும்பாமல். "இன்னும் எறங்கிக்கினு கீது."

பேருந்து நின்றுகொண்டே இருந்தது.