வெள்ளைத் திமிங்கிலத்தின் தொண்டை

மைக்கை அணைத்த பிறகும் அவள் குரல் கூடத்தில் கேட்டது.

"அங்க இல்ல மடையா, இடது பக்கம்."

சொன்னது அவள்தான், ஆனால் சொல்லி அரை நிமிடம் ஆகியிருந்தது. மைக்கைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு விளக்கு அணைந்தே இருந்தது. இந்த மீன் காட்சியகத்தில் எதுதான் உருப்படியாக வேலை செய்கிறது என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

காட்சியகத்துக்கு வார விடுமுறை நாள். வெளியே பட்டப்பகல் என்றாலும் தரைக்கடியிலிருந்த அந்தக் கூடத்துக்குப் பகல் எட்டாது. உப்பும் குளோரினும் ஈரக் கம்பளமும் கலந்த வாடை, சுவருக்குள் எங்கோ உறுமிக்கொண்டேயிருக்கும் பம்பு, இரண்டு மாடி உயரக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தரையில் நெளிந்து நெளிந்து விழும் நீல வெளிச்சம். மற்ற நாட்களில் வெள்ளைத் திமிங்கிலத்தைப் பக்கத்தில் பார்க்க வரும் கூட்டத்துக்கு அவள்தான் அறிவிப்பாளர். தண்ணீருக்குள் தொங்கும் மைக் அதன் கீச்சொலிகளைப் பிடித்துக் கூடத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஜனங்கள் பாடுது, பாடுது என்று வாய் பிளப்பார்கள். "ஆமாங்க, உங்களுக்காகத்தான் பாடுது" என்று அவள் சிரித்த முகத்தோடு சொல்வாள். மனதுக்குள் ஆட்டு மந்தை என்பாள். திமிங்கிலத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் மாவு மூட்டை.

கண்ணாடிக்குள், தொட்டியின் அடியில், முதுகில் காற்று சிலிண்டரும் வாயில் அதன் ரப்பர் குழாயுமாகப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தவன் அவள் தங்கை புருஷன். எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பான். வேலையிடத்திலும் அவனுக்குச் சரிக்கா என்றே பெயர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவள்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. உள்ளே வெளிச்சம், கூடத்தில் இருட்டு, ஆகவே அவன் பக்கத்திலிருந்து கண்ணாடி வெறும் கறுப்புச் சுவர். அவள் மைக்கில் சொன்னால் தண்ணீருக்குள் கேட்கும். சொன்ன இடத்தில் சுரண்டுவான், ஏறு என்றால் ஏறுவான். அவனுக்கு அங்கே அவள் என்பது ஒரு குரல் மட்டுந்தான்.

"தூங்குறியாடா?" என்றது ஸ்பீக்கர்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

தொட்டியின் மூலையில் திமிங்கிலம் அவளுக்கு முதுகைக் காட்டி மிதந்தது. அதன் உச்சந்தலை மூச்சுத்துளையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள், பேச்சு நின்ற கையோடு நின்றன.

புரிந்ததும் சிரிப்பு வந்தது. கிளிப்பிள்ளைப் புத்தி. மைக்கைப் போட்டாள். "அடடே, மாவு மூட்டை! என்னையே நக்கல் பண்றியா?" என்று மூக்கால் சிரித்தாள்.

அதுவும் மூக்கால் சிரித்தது. அச்சு அசல். தன் சிரிப்பு இவ்வளவு கேவலமானது என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அவன் சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றின் அளவைப் பார்த்தான். மேலே போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுத் தரையை உதைத்து எழும்பினான்.

"எங்க போற? இறங்கு."

நின்றான். 'சரிக்கா' என்பதற்கு விரல்களை வளையமாகச் சேர்த்துக் காட்டினான். இறங்கினான்.

"டேய், நான் சொல்லல! மேல ஏறு!"

"அது நான் இல்ல," என்றது அவள் குரல், அவளுடைய அதே சலிப்போடு. "நீ இறங்கு."

அந்தச் சொற்களை அவள் ஒருநாளும் மைக்கில் சொன்னதில்லை. கேட்டதைத்தானே கிளி சொல்லும்?

அவன் அண்ணாந்தான். குனிந்தான். நடுத் தண்ணீரில் தத்தளித்தான்.

"காது செவிடா? முட்டாள்! ஏறித் தொலை!" பயத்திலும் அவள் வாயில் வந்தது வசவுதான்.

திமிங்கிலம் கழுத்தைத் திருப்பியது. மனிதன் திருப்புவதுபோல. மெதுவாக அவன் பின்னால் வந்தது. வெள்ளைத் தலையை அவன் காதருகே வைத்தது.

"பயப்படாதப்பா." அவள் குரல். ஆனால் கனிவான குரல். தங்கையைக் கட்டிய இந்த ஆறு வருஷத்தில் அவனிடம் அவள் ஒருமுறைகூடப் பேசியிராத குரல். "ரொம்பக் களைச்சுட்டே. வாயில இருக்கறதக் கழட்டிட்டுக் கொஞ்சம் உக்காரு. அக்கா இருக்கேன்ல."

அவன் தோள்கள் தளர்ந்தன.

ஓடினாள். தொட்டியின் மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டுக் கதவு. கைப்பிடி. திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவன் கை வாய்க்குப் போயிருந்தது. ரப்பர் குழாய் விலகி மிதந்தது. குமிழிகள். நிறைய. திடுக்கிட்டுக் குழாயைத் தேடினான், எழப் பார்த்தான். வெள்ளைத் தலை அவன் தோளில் சாய்ந்தது. மெதுவாக. அழுத்தமாக.

குமிழிகள் குறைந்தன.

அவள் கை கைப்பிடியிலேயே இருந்தது.

அது அவனைக் கண்ணாடிவரை தள்ளிக்கொண்டு வந்தது. கன்னம் கண்ணாடியில் அப்பியது. கண்கள் திறந்தே. அவனுக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புக் கண், இருட்டுக்குள் சரியாக அவளைக் கண்டுபிடித்து, தலைமுதல் கால்வரை அளந்தது. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல.

பிறகு கூடம் முழுக்க அழுகை எழுந்தது. "போயிட்டான்டி... ஐயோ, உன் புருஷன் போயிட்டான்டி..." தங்கையிடம் ஓடிப்போய்க் கதறும் அக்காவின் குரல். விக்கல், மூக்குறிஞ்சல், எல்லாம் அவளுடையது.

அவள் விரல்களால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

உதடுகள் மூடியிருந்தன.