சத்தமாகப் படிக்கவும்

அந்த வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால், வெறும் காற்று மட்டும் வருகிற குரலில் திட்டுவார். சிரிப்பு வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும்.

எல்லாம் அப்பாவின் தூக்கத்துக்காக. அவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார், பகலில் தூங்கினார். வீடோ ஒரே ஒரு அறை. ஒரு தடவை பகலில் தூக்கம் கெட்டு வேலைக்குப் போனவர், கண் சொக்கிப்போய், தகிக்கிற அடுப்பின் மேல் கையை வைத்துவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.

அப்படி வளர்ந்ததால், அந்த வீட்டுப் பெண் நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது. பள்ளியில் அவளைப் 'பூனை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான்காம் வகுப்பில் எல்லாருக்கும் அரசாங்கம் டேப்லெட் கொடுத்தபோது பூனைக்கும் ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக்குள் அவ்வளவு பளபளப்பான பொருள் அதுவரை வந்ததே இல்லை. அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட்டார்.

"எவ்வளவு மெலிசா இருக்கு பாரு! பத்திரமா வச்சுக்க, கண்ணு."

அதற்குள் கதைகள் இருந்தன. ஒரு கதையைச் சத்தமாகப் படித்து முடித்தால்தான் அடுத்த கதை திறக்கும். திரையின் மூலையில் ஒரு குட்டிக் காது தெரியும். படிப்பது கேட்டால் அந்தக் காது பச்சையாகும்.

பக்கத்து இடத்தில் உட்காரும் வாலு, நிலாவுக்குப் போகிற கதை வரை போய்விட்டாள். வாலு வாயைத் திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். பூனையோ முதல் கதையிலேயே நின்றாள். எத்தனை முறை படித்தாலும் டேப்லெட் ஒரே பதிலைச் சொன்னது.

"உங்கள் குரல் கேட்கவில்லை. சத்தமாகப் படிக்கவும்."

முதல் நாள் அது இப்படிச் சொன்னபோது அப்பா புரண்டு படுத்தார். பூனை பதறிப்போய் அதைத் தலையணையால் அமுக்கினாள்.

தெருவில் போய்ப் படித்துப் பார்த்தாள். காது பச்சையானது, ஆனால் பேருந்தின் ஹாரனுக்கு! மொட்டைமாடியில் காற்று குறுக்கே வந்தது. அப்பா வேலைக்குப் போன பிறகு வீட்டிலேயே முயன்றாள். அப்போதும் குரல் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பழகிப்போன தொண்டை ஆயிற்றே!

அந்த வாரம் டீச்சர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. முதல் கதையைக்கூட முடிக்காதவங்க டேப்லெட்டை எடுத்துட்டுப் போய் வேற பள்ளிக்குக் கொடுத்துடுவாங்க. உடைச்சிருந்தாலும் அப்படித்தான்."

பூனை யோசித்தாள். அப்பாவிடம் சொல்லலாம். சொன்னால், "அதுக்கென்ன, நீ கத்திப் படி" என்று தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ராத்திரி அந்த அடுப்பு. அதனால் அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம், உடைந்த மேசைகள் போட்டு வைத்திருக்கும் அறைக்கு வாலு அவளை இழுத்துப் போனாள். தன் டேப்லெட்டை ஒரு மேசைமேல் வைத்தாள்.

"இங்க ஈ காக்கா இல்ல. கத்து!"

"கத்திட்டுதான் இருக்கேன்."

"இதுவா? கொசுகூட உன்னைவிடச் சத்தமா பாடும்டி!"

பூனைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் காட்டப் பிடிக்காமல் சட்டென்று திரும்பினாள். அவள் முழங்கை இடித்து வாலுவின் டேப்லெட் கீழே விழுந்தது. கண்ணாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு விரிசல்.

வாலு அதைக் குனிந்து எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ மூச்சு விடாத. எதையாவது உடைக்கறது எப்பவும் நான்தானே! நான்தான்னு சொன்னா நம்பிடுவாங்க."

அன்று இரவு பூனை தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். தன்னுடையதும் போகப்போகிறது. தன்னால் வாலுவினுடையதும் போகப்போகிறது. இனி என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஒரு பெட்டியோடு வந்தார். பூனையின் டேப்லெட்டை மேசைமேல் வைத்து, முதல் கதையைத் திறந்தார்.

"ம், படி."

உதடுகள் அசைந்தன. "உங்கள் குரல் கேட்கவில்லை" என்றது டேப்லெட். வகுப்பு சிரித்தது.

"இன்னொரு தரம்."

மறுபடியும் அதே பதில்.

"நல்லா படிக்கிற பொண்ணு சார். குரல்தான் வராது" என்றார் டீச்சர்.

"நான் என்ன பண்றது டீச்சர்? மேலிடத்து உத்தரவு."

அதைத் திறந்தபடியே மேசையில் விட்டுவிட்டு அவர் அடுத்ததை எடுத்தார். அது வாலுவினுடையது.

"இது யாரு உடைச்சது?"

"நான்தான் சார். கை தவறிடுச்சு."

"கொடுத்து ஒரு மாசம்கூட ஆகல! உனக்கெல்லாம் எதுக்கு இது? இதையும் பெட்டியில போடுங்க."

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொட்டென்று தரையில் விழுந்தது. வாலு அழுது அந்த வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. பூனை பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அவ இல்ல சார்! நான்தான்! என் முழங்கை இடிச்சுதான் விழுந்துச்சு! அவளோடதை எடுக்காதீங்க!"

மேசையிலிருந்த டேப்லெட்டின் குட்டிக் காது பச்சையானது.

"உங்கள் குரல் மிக நன்றாகக் கேட்டது. ஆனால் இந்த வரி பாடத்தில் இல்லை. மீண்டும் படிக்கவும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியின் மீசைகூட ஆடியது.

"குரல் வராதுன்னீங்களே டீச்சர்?"

"நானே இன்னிக்குத்தான் சார் கேக்குறேன்!"

அதிகாரி விரிசலைத் தடவிப் பார்த்தார். "சரி, கை தவறினதுதானே. கண்ணாடி மாத்த அனுப்புறேன். வர்றதுக்கு நாளாகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணுலயே படிங்க." பிறகு பூனையிடம் திரும்பினார். "ஆனா அந்த ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும்னா, நீ இப்போ பாடத்துல இருக்கறதைப் படிக்கணும்."

பூனை டேப்லெட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். குரல் மறுபடியும் தொண்டைக்குள் உட்காரப் பார்த்தது. வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"கத்துடி! இனிமே எங்க வீட்டுக்கு வந்து படிக்கலாம். அங்க பகல்ல யாரும் தூங்கறதே இல்ல."

பூனை படித்தாள். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் கீச்சென்றது. அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ, ஒவ்வொரு வரிக்கும் காது பச்சை பச்சையாக மின்னியது. கடைசி வரி முடிந்ததும் அடுத்த கதை திறந்துகொண்டது.

அப்போது பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"யாரு இங்க இந்தக் கத்து கத்துறது? என் கிளாஸ்ல நான் பேசறது எனக்கே கேக்கல!"

எல்லாக் கைகளும் பூனையைக் காட்டின. வேறு யாரையோ சொல்கிறார்களோ என்று அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"நான்தான் டீச்சர்!" என்றாள். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.