பேரன் வந்திருக்கிறார்

லிங்கேய் ஊரின் ஈக்களெல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. ஆனால், அந்த மலை வழக்கப்படி நாட்கணக்காகப் பைன் புகையில் நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்த பிணத்தின்மேல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வக்கீலான அட்டர்னி செனன் வில்லகோர்ட்டாவை மொய்த்தன.

கஞ்சி போட்ட சட்டையிலும், வாசனைத் தைலம் பூசிய பிடரியிலும், இரங்கல் உரைகளில் பழகிய உதட்டோரத்திலும் ஈக்களைத் தாங்கிக்கொண்டு மனிலாக்காரர் புன்னகைத்தார். ஊருக்கு மேலிருந்த பைன் சரிவில் அவர் ஹோட்டல் கட்ட வேண்டும். சரிவு, இப்போது நாற்காலியில் பிணமாயிருந்த லிகிகனுடையது. ரத்தச் சொந்தத்துக்கு மட்டுமே அதில் பங்கு. ஆகவே, அன்று காலையிலிருந்து அட்டர்னி, லிகிகனுடைய தங்கையின் பேரனாகியிருந்தார்.

"போன எலெக்‌ஷனுக்கு ஒருத்தர் மருமகன்னு வந்தாரு," அரிசிச் சாராயக் கோப்பையோடு சிரித்தார் லிகிகனின் அண்ணன் மகன் பலூசோ. "ஜெயிச்சதும் சொந்தம் விட்டுப்போச்சு."

"சும்மா இருண்ணே." இறந்தவரின் மகள் பெனிதா, பிணத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டாள். "உக்காருங்க தம்பி. தாத்தா கையப் பிடிச்சுக்கோங்க. சொந்தம்னா பிடிக்கணும்."

பிடித்தார். மதியத்தையே விழுங்கியிருந்த மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வழிந்தது. புகைக்கும், துக்க விருந்தின் பன்றிக்கொழுப்புக்கும் அடியிலிருந்து, அழுகிய பலாச்சுளைபோல இனிப்பாக ஒரு வாடை எழுந்து, மூக்கில் நிற்காமல் நாக்கில் இறங்கிப் படிந்தது. பாம்பு வரிகள் பச்சை குத்திய அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. தோலுக்கடியில் ஏதோ மெல்ல நகர்ந்தது. அட்டர்னி குமட்டலை விழுங்கினார். நாட்டு நலனுக்காக எதையும் விழுங்கிப் பழகியவர்.

பிறகு அந்தக் கை இறுக்கியது.

உதறினார். ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிணத்தின் தோல், நகங்களோடு, முழங்கைவரை உரிந்துவந்து அவர் கைமேல் ஏறிக்கொண்டது.

பிய்த்தார். வரவில்லை.

விளிம்பைத் தேடினார். விளிம்பே இல்லை. பாம்பு வரிகள் அவர் தோளை நோக்கி ஊர்ந்தன.

"நான் பேரனில்ல! பொய் சொன்னேன்! நான் இங்க யாருமே இல்ல!"

"அது எங்களுக்குக் காலையிலயே தெரியுமே," என்றார் பலூசோ.

"அப்பாதான் நம்பிட்டாரு," என்றாள் பெனிதா.

அட்டர்னி அசைக்காமலே அவர் கை உயர்ந்தது. அவள் தலைமுடியைக் கோதியது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். தோலுக்குள்ளே அவருடைய சொந்த விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. எலும்பும்தான். வலியே இல்லை. ஊறவைத்த ரொட்டிபோல.

நகக்கண்களிலிருந்து பிணநீர் மஞ்சளாக, நூல்நூலாக இறங்கியது.

"எல்லாரும் வாங்க," பெனிதா அழைத்தாள். "அப்பாவோட நீர் மேல பட்டா நல்லது."

கோப்பையை வைத்துவிட்டு பலூசோ முதலில் குனிந்தார். பின்னால் துக்கத்துக்கு வந்த ஊரார் முண்டியடித்தார்கள். அட்டர்னி அலறத்தான் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஈக்கள் வந்தன.

ஒரு தாய் தன் கைக்குழந்தையை உயர்த்திப் பிடித்தாள். அதன் நெற்றியை நோக்கி, சொட்டச் சொட்ட, மிகப் பிரியமாக நீண்டது அந்தக் கை.